தம்பி கத்திய மூன்று சொற்கள்

"பார்ல்! பார்ல்!" என்று அந்தப் பயிற்சியாளர் கத்தியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. 'பேசு, பேசு' என்று அர்த்தம். களத்தின் ஓரத்தில், சட்டைக் கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். கூடைக்குக் கீழே என் தம்பி நின்றான். இரண்டு மீற்றரும் ஏழு சென்ரிமீற்றரும் உயரம். கைகள் இரண்டையும் விரித்து, வாயைத் திறந்தபடி நின்றான். அவன் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எதிரணிக்காரன் ஒருவன் அவனைக் கடந்து போய்ப் பந்தைக் கூடைக்குள் போட்டான். திரும்பவும் "பார்ல்!" திரும்பவும் அந்தத் திறந்த வாய். நான்காவது நிமிடத்தில் அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். தொழில்முறை அணியில் அவனுடைய முதல் ஆட்டம் அது. மண்டபத்தில் இருந்தவர்கள் புதுப்பையன் பயந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். அந்த வாய் ஏன் அப்படி நின்றது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திய பொய்யைச் சொன்னவளும் நான்தான்.

தம்பிக்கு மூன்று வயதிலிருந்தே திக்குவாய். சொல்லின் முதல் எழுத்திலேயே தொண்டை பூட்டிக்கொள்ளும். ப, க, த, ம என்று வாயையோ தொண்டையையோ அடைத்துத் திறக்கவேண்டிய எழுத்துகள் என்றால் பாடு இன்னும் மோசம். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சிலும் அப்படி, வீட்டுத் தமிழிலும் அப்படி. நான் அவனுக்கு எட்டு வயது மூத்தவள். பாரிஸில், லா ஷப்பல் பகுதியில், ரூ பஜோல் என்ற தெருவுக்குப் பக்கத்தில், ஐந்தாம் மாடியில் எங்கள் வீடு. அப்பா ரூ பெர்தொனேயில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தார். அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போனார். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு வராது. விசா அலுவலகத்தில், டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில் என்று பத்து வயதிலிருந்தே வீட்டுக்காகக் கதைத்தவள் நான். அதோடு சேர்த்துத் தம்பிக்காகவும் கதைப்பது எனக்குச் சுமையாகத் தெரியவில்லை. யாராவது அவனிடம் ஏதாவது கேட்டால் அவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான், நான் பதில் சொல்வேன். அவன் ஒரு சொல்லில் தடுக்குப்பட்டு நின்றால் அந்தச் சொல்லை நானே சொல்லி முடித்துவிடுவேன். அதை அன்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

பதின்மூன்று வயதில் அவன் தலை எங்கள் வீட்டுக் கதவு நிலையில் இடிக்கத் தொடங்கியது. பஜோல் பக்கத்தில் கம்பிவலை போட்ட சின்ன மைதானம் ஒன்றில் எங்கள் தமிழ்ப் பெடியன்கள் ஞாயிறுகளில் கூடைப்பந்து விளையாடுவார்கள். இவனும் போவான். வியர்த்துக் களைத்து வந்து, ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுப்பான். நான் ஒருநாளும் அங்கே போய் நின்று பார்த்ததில்லை. பிறகு யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, லெ பிளாங்-மெனில் என்ற புறநகரில் ஓர் இளையோர் அணி, அங்கிருந்து இன்னொன்று என்று மேலே போனான். அந்த வயதுக்காரர்களுக்குள் அவன் உயரமே போதுமாக இருந்தது. அவன் பேசுகிறானா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை.

அவனுக்கு இருபது வயது ஆனபோது புறநகரில் உள்ள ஒரு தொழில்முறை அணி கூப்பிட்டது. நானும் கூடப் போனேன். பயிற்சியாளருடைய அறை சின்னது, ஒரு மேசை, மூன்று நாற்காலிகள். அவர் தம்பியைப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. கூடைக்குக் கீழே நிற்கும் உயரமான ஆட்டக்காரனைப் பிரெஞ்சில் 'பிவோ' என்பார்கள். எல்லாருக்கும் பின்னால் நிற்பதால் முழுக் களமும் அவனுக்குத்தான் தெரியும். எதிரணிக்காரன் ஒருவன் நம் ஆளின் வழியை மறிக்கச் சுவர்போல வந்து நிற்பான். முன்னால் பந்தைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு அது தெரியாது. பின்னால் நிற்கும் பிவோதான் எந்தப் பக்கம் என்று கத்தவேண்டும். கத்தாத பிவோ வெறும் கம்பம் என்றார் அவர். பிறகு கேட்டார், "நீ களத்தில் பேசுவாயா?"

தம்பி மூச்சை இழுத்தான். அவன் தாடை முன்னுக்கு வந்தது. சொல் வெளியே வருவதற்கு முன் அப்படித்தான் வரும். பயிற்சியாளர் புருவத்தை உயர்த்தினார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "நன்றாகப் பேசுவான், மெஸ்யூ. அறைக்குள்தான் கொஞ்சம் கூச்சம். களத்தில் இறங்கினால் வாய் ஓயாது" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். தம்பி வாயை மூடிக்கொண்டான். அந்த வாரமே கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தப் பருவத்தில் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. பட்டியலில் கடைசிக்கு முதல் இடம். அப்படியே முடிந்தால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். வேலை போகப்போகிறவர்களுடைய முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஆட்டக்காரர்களிடம் அதைப் பார்த்தேன். தம்பியை ஐந்து நிமிடம் இறக்குவார்கள், அவன் வாயைத் திறந்தபடி நிற்பான், வெளியே எடுப்பார்கள். அவனுக்கு முன்னால் விளையாடியவர்கள் திரும்பித் திரும்பி அவனை முறைப்பார்கள். ஒருமுறை கப்டன் மறிப்பு வருவது தெரியாமல் ஒரு பெரிய உடம்பில் மோதி விழுந்தார். முப்பத்தைந்து வயது அமெரிக்கர், அவருக்கு அது கடைசிப் பருவம். வலது தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி, தம்பியைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார். 'நீ பார்த்தாய்தானே?' என்று கேட்பதுபோல இருந்தது. தம்பி பார்த்திருந்தான். பார்வையாளர் வரிசையிலிருந்தே எனக்கு அது தெரிந்தது.

டிசம்பரில் பயிற்சியாளர் சொல்லிவிட்டார். ஜனவரி முடிவுக்குள் மாற்றம் இல்லையென்றால் திரும்பவும் இளையோர் அணிக்குத்தான். தம்பி அதை எனக்குச் சொல்லவில்லை, ஒரு கடதாசியில் எழுதி மேசையில் வைத்தான். ஞாயிறு மத்தியானம். அம்மா வேலைக்குப் போயிருந்தார். நான் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு முன்னால் இருந்தேன்.

"அக்கா, நீ ஏ... ஏ..." என்று தொடங்கினான்.

"ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டு கேக்கிறாய், என்ன?" என்றேன்.

அவன் மேசையில் அடித்த அடியில் தண்ணீர்க் கோப்பை கவிழ்ந்தது. என் தம்பி கை ஓங்கியோ எதையும் அடித்தோ நான் அதுவரை கண்டதில்லை. எழும்பி நின்றான். தலை விளக்கில் பட்டு விளக்கு ஆடியது. "மு... மு..." உதடு ஒட்டிப்போய் நின்றது. அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. நான் என்னை அறியாமல் என் வாயையும் அதேமாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். "முடிக்காதை!" என்றான் கடைசியில். "என்ரை வசனத்தை நீ முடிக்காதை!"

பிறகு பிரெஞ்சில் சொன்னான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக உடைத்துச் சொன்னான். அன்றைக்கு நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் அவருக்கு உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் எடுத்திருப்பார் அல்லது விட்டிருப்பார். இப்போது நான் பொய்க்காரனாக நிற்கிறேன். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. மேசையில் ஊற்றுப்பட்ட தண்ணீர் விளிம்புவரை ஓடி நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதைத் துடைக்கவும் எழும்பவில்லை. "இனி மட்ச்சுக்கு வராதை" என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

அடுத்த நாள் காலை அவன் பயிற்சியாளரிடம் போனதை எனக்குப் பல மாதங்கள் கழித்து அவரே சொன்னார். கதவைத் தட்டி உள்ளே வந்து, உட்காராமல் நின்றபடி, தான் திக்குவாய்க்காரன் என்றும், அக்கா சொன்னது சரியில்லை என்றும் சொல்லியிருக்கிறான். "பாதியில் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். அவன் அதைக் கண்டான். கண்டும் நிறுத்தவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது" என்றார் அவர். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதானாம்: "எந்தச் சொல், எந்தப் பாஷை என்றாலும் சரி. எனக்குச் சத்தம் வேண்டும். ஜனவரி வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது."

வரவேண்டாம் என்றவன் பேச்சை நான் கேட்கவில்லை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மேல் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். ஜனவரி மாதத்தின் கடைசி ஆட்டம். இரண்டாம் பகுதியில் தம்பியை இறக்கினார்கள். முதல் இரண்டு நிமிடமும் பழைய கதைதான். எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர், இந்தப் பையனை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று மனைவியிடம் முறுமுறுத்தார். நான் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போது கப்டன், பட்டி சுற்றிய தோளோடு, எதிரணிக்காரன் ஒருவனோடு ஒட்டி ஓடி வந்தார். அவருக்கு வலப்பக்கத்தில் மலைமாதிரி ஒருவன் வந்து நின்றதை அவர் காணவில்லை. நோகிற தோள் அந்தப் பக்கம்தான்.

"அண்ணை! அங்காலை!"

மண்டபத்தில் யாருக்கும் விளங்காத சத்தம். கப்டனுக்கும் விளங்கவில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினார், திரும்பியதில் ஆளைக் கண்டார், விலத்தி ஓடினார். நான் எழும்பி நின்றுவிட்டேன். அது தம்பியின் குரல்தானா என்று எனக்குச் சந்தேகம். அவ்வளவு பெரிய குரல் அவனுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. அடுத்த முறை "இஞ்சாலை!" என்றான். இடப்பக்கம் நின்றவன் திரும்பினான். அடுத்து, இரண்டு பேர் ஆள் மாற்றிப் பிடிக்கவேண்டிய இடத்தில், "மாறு!" என்றான். யாரும் மாறவில்லை, எதிரணிக்குப் புள்ளி போனது. ஆனாலும் பயிற்சியாளர் அன்றைக்கு "பார்ல்" என்று ஒருதரமும் கத்தவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அணி தோற்றது. தம்பி இருபது நிமிடம் விளையாடியிருந்தான்.

அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பிறகுதான் கேட்டேன். பஜோல் மைதானத்தில் எங்கள் பெடியன்கள் அப்படித்தான் கத்தி விளையாடினார்களாம். மூத்தவர்கள் எல்லாரும் அண்ணை. இந்தப் பக்கம் என்றால் இஞ்சாலை, அந்தப் பக்கம் என்றால் அங்காலை. அவர்களோடு சேர்ந்து கத்தும்போது தம்பிக்குத் தொண்டை பூட்டியதில்லை. ஏழு வருடங்களாக, எங்கள் வீட்டு யன்னலிலிருந்து கூப்பிடு தூரத்தில், அவன் வாய்விட்டுக் கத்திக்கொண்டிருந்திருக்கிறான். நான் போய்க் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத் தம்பி வாயால் துண்டு துண்டாகவும் கப்டன் வாயால் ஒரே மூச்சிலும் கேட்டிருக்கிறேன். அடுத்த பயிற்சிக்குக் கப்டன் தன் மணிக்கட்டில் வெள்ளைப் பட்டி சுற்றி அதில் மூன்று சொற்களையும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாராம். இஞ்சாலை இடது, அங்காலை வலது, மாறு என்றால் ஆளை மாற்று. எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்துச் சொல்லவைத்தாராம். செர்பியாக்காரன் ஒருவனுக்கு 'ஞ்சா' கடைசிவரை வரவில்லை. மாலி நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த இன்னொருவன் எங்கள் ஊர்க்காரன் போலவே சொன்னானாம். முதலில் விளையாட்டுக்குச் சொன்னார்கள். பிறகு தம்பி ஒருவன் மட்டும் கத்துவது போய், பந்துக்கு அருகில் நின்ற எல்லாரும் கத்தத் தொடங்கினார்கள். தம்பி வருவதற்கு முன் அந்த அணியில் யாருமே களத்தில் ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை என்றும், தோற்றுத் தோற்று எல்லாரும் ஊமையாகிவிட்டிருந்தோம் என்றும் கப்டன் எனக்குச் சொன்னார்.

பெப்ரவரியில் இரண்டு வெற்றி. மார்ச்சில் தம்பி தொடக்கத்திலேயே இறங்கும் ஐந்து பேரில் ஒருவன். தவறி விழும் பந்துகளை மேலே எழும்பிப் பறித்தான், வருகிற பந்துகளைத் தட்டி விழுத்தினான். ஆனால் எதிரணிகளைக் குழப்பியது அந்தச் சத்தம்தான். ஓர் ஆட்டத்தில் நடுவர் விசிலை ஊதி நிறுத்தி, என்ன கத்துகிறீர்கள், வசைச் சொல்லா என்று தம்பியைக் கேட்டார். தம்பிக்கு வாய் பூட்டிக்கொண்டது. நடுவருக்குச் சந்தேகம் கூடியது. கப்டன் ஓடிவந்து, வலக்கையை நீட்டி "அங்காலை", இடக்கையை நீட்டி "இஞ்சாலை" என்று வாகனப் போக்குவரத்துப் பொலிஸ்காரர்போலச் செய்து காட்டினார். நடுவர் சிரிக்காமல் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் போவதும் தம்பிக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் மேலே பார்த்து, தூணுக்குப் பக்கத்தில் என்னைக் கண்டான். கோபிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மே மாதம் கடைசி ஆட்டம். வென்றால் பிரிவில் நிற்கலாம், தோற்றால் இறக்கம். அம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்தார். கோயிலுக்குப் போகிற சேலை உடுத்தி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். தம்பியின் முதல் "அங்காலை" கேட்டதும் என் கையைப் பிடித்தார். "பிள்ளை, இவனே கத்திறான்?" "ஓம் அம்மா." அதற்குப் பிறகு அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு அணியும் ஒன்றையொன்று விடவில்லை. கடைசியில் எங்களுக்கு ஒரு புள்ளி அதிகம், பந்து அவர்கள் கையில், ஒன்பது செக்கன் மிச்சம். அவர்களுடைய மிகச் சிறந்த எறிகாரன் பந்தைத் தட்டிக்கொண்டு கப்டனுக்கு எதிரே வந்தான். தம்பி பிடித்துக்கொண்டிருந்த பெரியவன் மெல்ல வெளியே போய்க் கப்டனுக்குப் பின்னால் சுவராக நின்றான். ஆளை மாற்றவேண்டும். தம்பி வெளியே வந்து எறிகாரனை மறிக்கவேண்டும், கப்டன் பெரியவனைப் பிடிக்கவேண்டும். சொன்னால்தான் நடக்கும். தம்பி கையை நீட்டினான். உதடுகள் ஒட்டிக்கொண்டன. மண்டபமே இரைந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த ஒட்டிய உதடுகள் மட்டும்தான் தெரிந்தன. ம. ம. அந்தச் சொல் என் வாய்க்குள் வந்து முட்டியது.

"மாரூ!" என்று ஒரு குரல் கத்தியது. கப்டன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. எத்தனையோ ஆட்டங்களில் அந்தச் சொல் எந்த நேரத்தில் பின்னாலிருந்து வரும் என்று அவருக்குப் பழகிவிட்டது. அன்றைக்கு அது வராததும் அவரே சொல்லிவிட்டார். உடனே மற்ற மூவரும் அவரவர் நாக்குக்கு வந்தபடி "மாறு! மாறு!" என்றார்கள். தம்பி பாய்ந்து வெளியே வந்தான். எறிகாரன் எழும்பி எறிந்தான். தம்பியின் நடுவிரல் நுனி பந்தில் பட்டதைப் பிறகு தொலைக்காட்சியில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பந்து வளையத்தைத் தொடாமல் கீழே விழுந்தது. ஊதுகுழல் ஒலித்தது. பயிற்சியாளர் முழங்காலில் இருந்துவிட்டார்.

நானும் அம்மாவும் படிகளில் இறங்கி ஓரத் தடுப்புவரை வந்தோம். அங்கேதான் ஒரு தொலைக்காட்சிப் பெண் தம்பிக்கு முன்னால் ஒலிவாங்கியை நீட்டினாள். அவள் கை எட்டவேண்டும் என்பதற்காகக் கப்டன் அவனைத் தோளில் பிடித்துக் குனிய வைத்தார். பருவம் முழுவதும் எல்லாரும் கேட்க விரும்பியதை அவள் சிரித்துக்கொண்டு கேட்டாள். "நீங்கள் களத்தில் கத்துவது என்ன பாஷை?"

தம்பி மூச்சை இழுத்தான். "து... து..." தாடை முன்னுக்கு வந்தது. பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒளிப்படக்காரர் ஒருவர் கீழே பார்த்தார். ஒரே ஒரு சொல். அணியில் எல்லாருக்கும் தெரியும், கப்டனுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். நான் தடுப்பில் கைவைத்து முன்னுக்குச் சாய்ந்துவிட்டேன். வாயும் திறந்துவிட்டது. அப்போது கப்டனைப் பார்த்தேன். சில நிமிடங்களுக்கு முன் தம்பிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர், இப்போது அவன் தோளில் கைவைத்தபடி, பஸ்ஸுக்குக் காத்துநிற்பவர்போல, சும்மா நின்றார். உதவிக்கு வரவுமில்லை, விலகிப் போகவுமில்லை. அந்தப் பெண் ஒலிவாங்கியைத் திருப்பப் போனாள். கப்டன் மற்றக் கையால் அதை மெதுவாகப் பிடித்து இருந்த இடத்திலேயே வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"து... து தமூல்" என்றான் தம்பி பிரெஞ்சில். "தமிழ். என் வீட்டுப் பாஷை."

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. கப்டன் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். தம்பி இப்போது தெற்கில் வேறு ஒரு நகரத்து அணியில் விளையாடுகிறான். திக்குவாய் போகவில்லை, போகும் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை. நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் நாள் முழுக்கத் தொலைபேசியில் பதில் சொல்கிறேன். தெரியாத மனிதர் ஒருவர் சொல்லத் தொடங்கிய வசனத்தை நானே முடித்துவிடும் பழக்கம் என்னை இன்னும் முழுதாக விடவில்லை.

போன மாதம் தம்பி இரண்டு நாள் வீட்டுக்கு வந்திருந்தான். மத்தியானம் ரூ பெர்தொனேயில் ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் போனோம். எங்களுக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. "தம்பிக்கு என்ன?" என்று கடைக்காரர் கேட்டது என்னைப் பார்த்துத்தான். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் மூச்சை இழுத்தான். "பி... பி..." பின்னால் யாரோ பிரெஞ்சில் சலித்துக்கொண்டார்கள். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த ரோல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிட்டு" என்றான். "பிட்டும் மீன்குழம்பும்."

மேசையில் போய் இருந்ததும் நான் கேட்டேன். சின்ன வயதிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் இவனுக்கென்று நான் கேட்டு வாங்கிக் கொடுத்தது கொத்துரொட்டிதான்.

"எப்ப தொடக்கம் உனக்குப் பிட்டு விருப்பம்?"

தம்பி குழம்பை ஊற்றிப் பிட்டைக் குழைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், தடங்கல் இல்லாமல் சொன்னான். "எப்பவும்தான் அக்கா."